அமிர்தநாதர் தலையாட்டியது

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ, கனடா
14.03.1996

அன்புள்ள மகன் அகஸ்ரினுக்கு,

கொட்டாஞ்சேனையில் நீ ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு அம்மா எழுதுவது. நாங்கள் உடம்புக்குச் சுகம். மற்றதையும் சுகம் என்று எழுதினால் பொய். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், இருந்து ஆறுதலாக வாசி.

அப்பாவைப் பொலிஸ் பிடித்து, இப்போது பிணையில் வீட்டில் இருக்கிறார். பதறாதே. பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு அப்பார்ட்மென்ட் கட்டிடம் இருக்கிறது, அங்கே ஹீற் இல்லை, பிள்ளைகள் விறைக்குதுகள் என்று குடியிருக்கிற சனம் மட்டைகளில் எழுதிப் பிடித்துக்கொண்டு அவன் வாசலில் கத்த வந்தது. அங்கே பனி குவிந்து கிடந்ததால் அரைவாசிப் பேர் எங்கள் ட்ரைவ்வேயில் நின்றார்கள். என்னைக் கேட்டிருந்தால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருப்பேன். உன் அப்பா யன்னல் சீலையை விலக்கிப் பார்த்திருக்கிறார். முகத்தைச் சால்வையால் மூடி, கண் மட்டும் தெரிய நின்ற ஒருவர் அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாராம். அவ்வளவுதான், குப்பை கிளற வருகிற றக்கூன் கலைக்க வாங்கின காத்துத் துவக்கை எடுத்துக்கொண்டு, காலில் சப்பாத்தும் இல்லாமல் பனிக்குள் இறங்கி அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டிவிட்டார். நான் குசினியால் ஓடிப்போய்ச் சேட்டைப் பிடித்து இழுத்தும் மனுசன் அசையவில்லை. சால்வையை இறக்கினால், எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற அமிர்தநாதர். அவரும் அந்தக் கட்டிடத்தில்தான் இருக்கிறார். "அண்ணை, நான் சுகமோ எண்டுதானே தலையாட்டினனான்" என்று அழுதார் பாவம்.

அப்பா ஏன் பயந்தார் என்று உனக்கு விளங்கும். ஊரை ஆமி சுற்றிவளைத்தபோது, ஆளைக் காட்டிக்கொடுக்கச் சாக்கால் முகம் மூடி இருத்தியிருந்த தலையாட்டி, உன் அண்ணன் ஜூலியஸ் முன்னால் வந்தபோது ஆட்டின தலையை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். இந்த நாட்டுக்காரருக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது? அமிர்தநாதர் தனக்கு முறைப்பாடு இல்லை என்று பொலிஸில் போய்ச் சொல்லியும் பார்த்தார். அது அவர் கையில் இல்லையாம், அரசாங்கத்தின் வழக்காம். துவக்கில் குண்டு இல்லாவிட்டாலும் நீட்டினது நீட்டினதுதானாம்.

உயிரைக் காப்பாற்றத்தான் நீட்டினேன் என்று சொல்லச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம், ஆனால் பயத்துக்கு நியாயமான காரணம் காட்டவேண்டுமாம் என்று லோயர் சொல்கிறார். ஆகவே ஜூலியஸின் கதையை அப்பா கோட்டில் முழுக்கச் சொல்லவேண்டும். பிள்ளை இப்போது எங்கே என்று கேட்பார்களாம், கொன்றுவிட்டார்கள் என்று அப்பா தன் வாயால் சொல்லவேண்டுமாம். சொன்னாலும் வெல்லுவது கஷ்டமாம். சொல்லாவிட்டால் நிச்சயம் தோல்விதான், உன்னைக் கூப்பிடப் போட்ட ஸ்பொன்சரும் அதோடு முடிந்ததாம். அப்பா என் முகத்தைப் பார்த்தார். சொல்லவேண்டாம் என்றுவிட்டேன். செத்தவர்களுக்கான ஆத்தும இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுக்காமல் இத்தனை வருசம் வைத்திருக்கிற பிள்ளையை, உன்னை எடுப்பதற்காக நான் சாகக் கொடுக்கவா? கோபிக்காதே ராசா. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ வீணாக வெளியே திரியாதே, பொலிஸ் பதிவுத் துண்டைச் சேட்டுப் பையிலேயே வைத்திரு, நேரத்துக்குச் சாப்பிடு. எங்களை நம்பி இருக்காமல் சுவிஸ் மாமா கூப்பிட்டால் போ. மாதா உனக்குக் காவல்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. ஜூலியஸை ஏற்றின ட்ரக்குக்குப் பக்கத்தில் கடைசியாக நின்றது நீதான். பிறகு கடற்கரைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. பார்த்திருந்தால், பார்த்தேன் என்று ஒரு வரி எழுது. அப்பாவைச் சொல்ல விடுகிறேன்.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா யூஜினி