கறுப்புக் கண்ணாடிக்குள் ஒரு சந்தை

பூசான், மார்ச் 4

அன்பு அக்கா மகள் ஹேரானுக்கு, மாமா தூசில் எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் அம்மா கடற்பாசி சூப்பை அடுப்பில் கருகவிட்டபோதே, மறதி தொடங்கிவிட்டது என்று டாக்டருக்கு முன்னால் கண்டுபிடித்தவன் நான்.

வாராவாரம் அக்காவை ஞாபகப் பயிற்சிக்கு அழைத்துப்போகிறேன். மெய்நிகர் என்று ஏதோ பெயர். முகத்தில் பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டுகிறார்கள். உள்ளே ஒரு சந்தை. சொன்ன பொருளை வாங்க வேண்டும், அதுதான் பரீட்சை. நான் மாட்டிப் பார்த்தபோது பயிற்சிக்காரப் பெண், "தாத்தா, நீங்க பிளேனே ஓட்டலாம்" என்றாள்.

நேற்று அக்கா ஒன்றும் வாங்கவில்லை. காலமெல்லாம் மீன் விற்றவள் வாங்குவாளா? நேராகக் கடைக்குள் புகுந்து, "வாங்க, கானாங்கெளுத்தி இப்பத்தான் கரையேறிச்சு. அமுக்கிப் பாக்காதம்மா, அது என்ன உன் புருஷன் கன்னமா?" என்று விற்க ஆரம்பித்துவிட்டாள். மெஷின் பூஜ்யம் போட்டது. அதற்கு என்ன தெரியும் வியாபாரம்? நீ கவலைப்படாதே.

உன் மாமா,
பே தூசில்

ஒசாகா, மார்ச் 13

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவைத் தனியாக விடக் கூடாது, உடனே வந்து கூட இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலையை விடுவதாக எழுதியும் கொடுத்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்ததும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அம்மாவின் வாய்த்துடுக்கு அப்படியே இருக்கும்போது என்ன அவசரம்? இலையுதிர் காலத்தில் வருகிறேன்.

நேற்று போனில் அம்மா, "குரல் நல்லா இருக்கே, நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்றாள். கிண்டல்தானே, மாமா?

ஹேரான்

பூசான், மார்ச் 19

ஹேரான் கண்ணு,

அக்கா பக்கத்திலேயே இருப்பதால் போனில் பேச முடியவில்லை. நேற்று அவளைக் காணாமல் தேடினோம். போலீஸுக்கு முன்னால் நான்தான் கண்டுபிடித்தேன், அது நிஜம். குளியலறைச் செருப்போடு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கே போகிறாய் என்றால் சொல்லத் தெரியவில்லை.

இலையுதிர் காலம் வேண்டாம், இப்போதே வா.

நான் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், உனக்கே தெரியும். ஆனால் அந்தக் கண்ணாடிக்குள் அக்கா மீன் விற்றாள் என்றது முழுக்க நானாகக் கட்டிய கதை. நடந்ததை எழுதக் கை வரவில்லை. அந்தச் சந்தைக்குள் அவள் சும்மா நின்றாள். பிறகு துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "தம்பி, இங்க எல்லாரும் என்னடா பண்றாங்க?"

தூசில்