ஈரலில் மூன்று திட்டு

7.7.87 செவ்வாய்
காற்று. புழுதி. கொடியில் கிடந்த துணியெல்லாம் மறுபடி அலச வேண்டும்.
அப்பாவோடு திருநெல்வேலி போய் ஸ்கேன். வயிற்றில் பசை தடவி உருட்டினார்கள். ரிப்போர்ட் இங்கிலீஷில். ஈரலில் மூன்று வெள்ளைத் திட்டு. கட்டியாக இருக்கலாம், வெறும் கொழுப்பாகவும் இருக்கலாம். ஊசியால் சதை எடுத்துப் பார்க்கவும்.
வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி. பஸ்ஸில் அப்பா, "ஏட்டி, என்ன போட்டிருக்கு?"
"லேசா வீக்கம்ப்பா." அதுதான் வாயில் வந்தது.
சங்கரன்கோவிலில் இறங்கினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாடசாமி அண்ணாச்சி, அப்பாவோடு தறி ஓட்டுபவர். சத்தமில்லாமல் வாயை அசைத்தார். அப்பாவும் அப்படியே பதில். தறிச் சத்தத்தில் காது கேட்காது; உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வது இருபது வருடப் பழக்கம்.
சாயங்காலம் அடுப்படியில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன், புற்றாகவும் இருக்கலாம் என்று. அப்பா வாசலில், அடுப்படிக்கு நேரே கட்டிலில். அம்மா அழவில்லை. களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள்.

9.7 வியாழன்
ரத்தம் உறையும் நேரம் பார்த்தார்கள் – சரி. சனி ஊசி – வெறும் வயிறு. போர்வை, பிளாஸ்க், பழைய வேட்டி எடுத்து வைத்தேன். டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகவில்லை.
அம்மா கோவில் புற்றுமண் கொண்டுவந்து அப்பா வயிற்றில் பூசினாள். லேசான வீக்கத்துக்கு எதற்கு என்று அப்பா கேட்கவேயில்லை.

11.7 சனி
ஊசி முடிந்தது. நூல் துண்டு மாதிரி சதை, சின்ன பாட்டிலில். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், சாயங்காலம் வரை.
டாக்டரிடம் கேட்க ஒரு கேள்வி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இரண்டு தடவை வந்தார். கேட்கவில்லை. நர்ஸ், "என்னம்மா, எதுவும் கேக்கணுமா?"
"ஒண்ணுமில்ல சிஸ்டர்."
படுத்தபடியே அப்பா என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். எனக்குப் புரியவில்லை. 'கேளுட்டி' என்றாரோ?

14.7 செவ்வாய்
தூக்கமில்லை. சட்னியில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். அப்பா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

17.7 வெள்ளி
ஆடி ஒன்று. ரிப்போர்ட் வாங்கப் போனேன். கொழுப்புதான். கெட்டது எதுவுமில்லை. இந்தத் தடவை டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டேன், புற்று இல்லையே என்று. "கொழுப்புதாம்மா" என்றார்.
பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வீடு. "அப்பா, வெறும் கொழுப்புதான். பயமில்ல."
அப்பா சிரிக்கவில்லை. "அன்னைக்கு வீக்கம்னு சொன்ன. அடுப்படியில உங்க அம்மாகிட்ட வேற மாதிரி சொன்ன."
பத்து நாளாகத் தெரிந்திருக்கிறது, என் உதட்டைப் பார்த்தே.
பேப்பரை நீட்டினேன். வாங்கவில்லை. "எனக்கு எதுக்கு அது? போயி உங்க அம்மாகிட்ட சொல்லு." கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.
அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு.