மண்டை வெல்லமும் மூன்றடித் தொட்டியும்

ஜூன் 10, திங்கள்

காற்று. சின்னமனூர் மண் மொத்தமும் எங்கள் மாடி வீட்டு ஹாலில். மேகமலைப் பக்கம் சாரலாம், இங்கே தூசிதான்.

தொட்டியில் ஏஞ்சல் மீன் ஜோடி மறுபடி முட்டை போட்டிருக்கிறது. ஃபில்டர் குழாய் மேல், ஜவ்வரிசி அளவு கூட இல்லை. இது நான்காவது தடவை. முந்தைய மூன்றையும் தாங்களே தின்றுவிட்டன, பாவிகள்.

தாரணிக்கு போட்டோ அனுப்பினேன். கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வாரம் ஒரு போன், அதுவும் அவள் அம்மாவுக்கு. இன்றைக்கு எனக்கே மூன்று போன். "அப்பா, கைய உள்ள விடாதீங்க. தட்டாதீங்க. டெய்லி சாயங்காலம் கூப்புடுவேன்." டெய்லி! இந்த முட்டை பொரிந்தே ஆக வேண்டும்.

பேச்சியக்கா நேற்று கடமலைக்குண்டிலிருந்து வந்திருக்கிறாள். கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள் இங்கேதான். தூசி ஆகாது, தலைக்குத் தண்ணீர் ஆகாது. கறுப்புக் கண்ணாடியோடு தொட்டி முன்னால் உட்கார்ந்து கேட்கிறாள்: "ஏலே, இம்புட்டு வளத்து, இதத் திங்கவும் மாட்டீகளா?"

ஜூன் 11, செவ்வாய்

முட்டையில் ஏழெட்டு வெள்ளையாகிக் கெட்டுவிட்டன, மற்றவை தெளிவு. பொரிக்க இன்னும் இரண்டு நாள்.

சட்டைக் காலர் உரசி உரசிக் கழுத்து மரு எரிகிறது. வாய் தவறி அக்கா எதிரே சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டாள். "கோயில் தெப்பத்துல ஒரு மண்டை வெல்லத்த உருண்டையோட போடு. வெல்லம் கரையக் கரைய மருவும் கரையும். எத்தன பேருக்குப் போயிருக்கு!"

முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்தாயிற்று. என் உரக்கடையில் நிற்க இடமில்லை. இதில் தெப்பத்துக்கு எங்கே போவது? "நேரமில்லக்கா" என்று கிளம்பிவிட்டேன்.

ஜூன் 12, புதன்

கடை. கடை. கடை. டி.ஏ.பி. உர லோடு வரவில்லை, விவசாயிகள் என்னையே பிடித்துத் தின்கிறார்கள்.

வந்ததும் தாரணி போன். கல்லூரிச் சோறு பற்றி, அறைத்தோழியின் குறட்டை பற்றி, பத்து நிமிடம். முட்டை பற்றி ஒரு நிமிடம். சந்தோஷம்.

தண்ணீர் லேசாகக் கலங்கல் மாதிரி. கண்ணாடியில் தூசி படிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மடையன்.

ஜூன் 13, வியாழன்

நாசம்.

காலையில் தொட்டி முழுக்க அரிசி கழுவின தண்ணீர் நிறம். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. தொட்டி ஸ்டாண்டில் எறும்பு வரிசை. மீன்தொட்டிக்கு எறும்பு ஏன் வரும்?

"செல்வி, என்ன போட்ட?" மனைவிக்குக் கோபம். "ஏங்க, நான் தொட்டி பக்கமே போகல."

அக்கா கண்ணாடியைக் கழற்றாமல் சொன்னாள்: "நான்தாம்லே. வெளிய போகக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாக. செவ்வாக்கிழம, நல்ல நாளு. தெப்பத்துலயும் மீனுதான், இங்கனயும் மீனுதான். ஒரே ஒரு மண்டைதான் போட்டேன்."

கத்தினேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி நின்றுவிட்டது, அவ்வளவு கத்தினேன்.

"எனக்காடா போட்டேன்?" என்றாள். "ஒன் கழுத்து எரியுதுன்னுதான போட்டேன்?"

கேனைத் தேடி எடுத்தேன். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாடை, ஊற்றினால் இருக்கிறதும் சாகும். எதிர் வீட்டுக் கிணற்றிலிருந்து இருபது லிட்டர் கேனில் தோளில் தூக்கி மாடிக்கு. பதினான்கு நடை. கடை திறக்கவில்லை. பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, புதுசு ஊற்றி, காற்று மோட்டார் இரண்டாக்கி. அடியில் பிசுபிசுவென்று வெல்லக் கசடு. கழுத்தும் தோளும் தனியாகக் கழன்றுவிட்டன.

முட்டை ஒன்று கூட இல்லை. தின்றனவா, கரைந்தனவா, தெரியவில்லை.

மாலை தாரணி போன். எடுக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

ஜூன் 14, வெள்ளி

தண்ணீர் தேவலை. நியான் டெட்ரா மீன் மூன்று செத்துப்போயின. ஏஞ்சல் ஜோடி உயிரோடு, எதுவும் நடக்காத மாதிரி சாப்பாடு கேட்கின்றன.

தாரணியிடம், "மோட்டார் நின்னுபோச்சும்மா, முட்டை போச்சு" என்று ஆரம்பித்தேன். அக்கா போனைப் பிடுங்கிவிட்டாள். "பொய்யிம்மா. அத்தைதான் ஒங்கப்பன் மருவுக்கு வெல்லம் போட்டேன். வையிறதுன்னா என்னைய வையி."

அந்தப் பக்கம் ஏதோ சத்தம். சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை. வைத்துவிட்டாள்.

இனி எதற்குக் கூப்பிடப் போகிறாள்? சோற்றை மூடி வைத்துவிட்டேன். அக்காவும் சாப்பிடவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 15, சனி

சாரல் இங்கேயும் எட்டிப் பார்த்தது.

ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் பார்த்தால் மரு இல்லை! அங்கே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும். கேன் விளிம்பு உரசி உரசி அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. வெல்லமும் இல்லை, கில்லமும் இல்லை. ஆனால் வெல்லம் போடாவிட்டால் கேன் ஏது? இந்த நியாயத்தை அக்காவிடம் சொன்னால் நான் செத்தேன்.

காபி கொடுக்கும்போது நானே பேச்சை எடுத்தேன். "கண்ணு எப்படிக்கா இருக்கு?" முகம் மலர்ந்துவிட்டது. உடனே, "மரு விழுந்ததும் சொல்லு. நேந்தபடி இன்னொரு மண்டை போடணும்." கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டேன். அக்கா திறக்காதபடி தொட்டி மூடி மேல் அம்மிக் குழவியை ஏற்றி வைத்தேன்.

ஐந்து மணி. போன். தாரணி!

முட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. எடுத்ததும் சிரிப்பு. "அப்பா, மரு விழுந்துருச்சா? ஹாஸ்டல்ல எல்லாரும் கேக்குறாளுக. டெய்லி அப்டேட் வேணுமாம்."

மரு அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.