தூணோரம் நின்ற பாப்பா

மகளுக்கு, அப்பா எழுதுகிறேன்.

பத்து நாளாக உன் குட்டி என் துணிக்கடையில்தான் விளையாடுகிறாள். போனில் அவளை மட்டும் விசாரிக்கிறாய், தப்பில்லை. நாலு வயதில் என்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். கழுத்தில் அளவு டேப், எதிரே கஸ்டமராக ஒரு துணிக்கட்டு. எனக்குப் பெருமைதான்.

இன்று, "நானும் விளையாட வரட்டுமா?" என்றேன்.

"நான்தான் தாத்தா. நீங்க பாப்பா. தூணுகிட்ட நில்லுங்க."

நின்றேன். "தாத்தா, இங்க பாருங்களேன்!" என்று கூப்பிட்டேன்.

அவள் திரும்பவே இல்லை. "அப்புறம் பாக்கலாம், போ. கஸ்டமர் இருக்காங்கல்ல?"

சின்ன வயதில் பள்ளி விட்டு வந்து நீ நிற்பதும் அதே தூணோரம்தான். என்ன காட்ட வந்தாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துப் போக வருகிறாயே, அன்று கடையை அடைத்திருப்பேன். நினைவிருந்தால் இப்போதாவது சொல்லம்மா.

உன் அப்பா