கரிசல் வெடிப்பில் விழுந்த போன்

வைகாசி 3, ஞாயிறு இரவு.

கோடையில் கரிசல் நிலத்தை விலைக்குக் காட்டக் கூடாது, வெடிப்பு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். எட்டாவது தாண்டாத எனக்கே இது தெரியும். தெரிந்தும் இன்று காட்டினேன். மகள் செல்வி காலேஜில் சேருமுன் ஒரு வருஷம் ஜப்பானில் தங்கிப் படிக்க வேண்டுமாம். இந்த வாரம் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்.

வாங்க வந்த அண்ணாச்சி வெடிப்பைப் பார்க்கக் குனிந்தபோது அவர் சட்டைப்பையிலிருந்த போன் வெடிப்புக்குள் விழுந்துவிட்டது.

"வே, நான் தரும் முன்னே உம்ம நெலம் அட்வான்ஸ் வாங்கிட்டுது, பாத்தீரா!" என்று சிரித்தார்.

எங்கே கிடக்கிறதென்று அறிய, கூட வந்திருந்த செல்வி என் போனிலிருந்து அழைத்தாள். மணி காலடியில் அடித்தது. பிறகு கொஞ்சம் தள்ளி. பிறகு புஞ்சையின் அந்தக் கடைசியில்.

"டவர் தேடி நடக்கு போல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மணி நின்றது.

"எப்பா, எடுத்துட்டாங்க." போனைக் காதில் வைத்து வெகுநேரம் கேட்டாள் செல்வி. இரண்டு தடவை "ம்" கொட்டினாள்.

"யாருட்டி?"

"யாரும் பேசலப்பா. மண்ணு உதிருத சத்தந்தான்."

அண்ணாச்சி போனைத் தேடவில்லை. "போனாப் போவுது. எனக்கு நெலம் வேணும்" என்று அட்வான்ஸை என் கையில் திணித்துவிட்டு வண்டியேறினார்.

பைக்கில் வரும்போது செல்வி பின்னாலிருந்து கேட்டாள்: "எப்பா, ஒரு வருஷம் முடிஞ்சா நான் திரும்பி வந்துருவேன்லா?"

"வராம எங்க போவ, கழுத!" என்றேன்.

இத்தனை மாதமாகப் போறேன், போறேன் என்று மட்டுமே சொன்ன பிள்ளை. போக வேண்டாம் என்று என் வாயால் சொல்ல வைக்கத்தான் அப்படிக் கேட்டாளோ? இல்லை, யாரும் பேசாத போனுக்கு இரண்டு தடவை "ம்" கொட்டினாளே, அதில் எதையும் கேட்டாளோ? நான் ஒரு மடையன், வேடிக்கை பேசிவிட்டேன். காலையில் பணம் கட்ட வேண்டும்.