தெருவை அடைத்த நாட்களில் என் இன்சுலின்

மே 11, திங்கள்

கத்திரி வெயில். ராத்திரியும் சுவர் சுடுகிறது.

தெரு முனையில் தகரம் அடித்து ஆறு நாள். கோடி வீட்டில் இரண்டு பேருக்குக் கொரோனா. யாரும் வெளியே போகக் கூடாது.

இன்சுலின் பாட்டிலில் கால் பாகம்கூட இல்லை. வீட்டில் நான் சொன்னது: நிறைய இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் அப்பா தகரம் ஏறிக் குதிப்பார். போன மாதம் என் மருந்துக்காகப் போய், பைக்கைப் போலீசிடம் விட்டுவிட்டு நொண்டிக்கொண்டு வந்தார்.

அதனால் காலையும் இரவும் பாதி ஊசி. நான்கு நாளாக. சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்பும் தீர்ந்தது. சுகர் நோட்டில் நானே போட்ட எண்கள்: 140, 152, 138.

தாகம். சொம்பு சொம்பாக. பயமாக இருக்கிறது. அம்மா புரள்கிறாள். போதும்.

மே 12, செவ்வாய்

காலையில் வாந்தி. குழாயைத் திறந்துவிட்டதால் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டால் கொரோனா என்று ஆம்புலன்சில் ஏற்றிவிடுவார்கள்.

தினமும் வாலாஜாபாத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து காய்ச்சல் பார்க்கும் நர்ஸ் ஹேமா அக்கா, தெரு நடுவில் நின்று கத்தினார்: "சுகர், பிபிக்கு மருந்து எடுத்துக்கறவங்க நாளைக்குக் காலைல வெளிய வாங்க. பாவு விரிக்க நிப்பீங்க இல்ல, அதே எடத்துல."

எதிர்வீட்டுத் தாத்தா: "பாவு எங்கமா?"

"நூல் வர்றப்போ வரட்டும். நீ வந்து நில்லு."

மே 13, புதன்

நெசவுக்குப் பாவு விரிக்க, பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டும்போது யார் எங்கே நிற்பது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். வட்டம் போடவில்லை, கயிறு கட்டவில்லை. நூல் இல்லாமலே வரிசை நின்றது. இது ஹேமா அக்காவுக்கு எப்படித் தோன்றியதோ!

பிளாஸ்டிக் உடைக்குள் வியர்வை ஒழுக, ஒவ்வொருவராக.

"தாத்தா, காலைல அர மாத்திரதான உனக்கு? முழுசா போட்டுக்கினியா?"

"இன்னாமா, நோட்டு பாக்காமயே சொல்ற?"

"உன் மாத்திரை எனக்குத் தெரியும்பா. மாஸ்க் போட்டா மூஞ்சிதான் தெரியல."

என் முறை. நோட்டைப் பார்த்தார். மாஸ்க்கை இறக்கச் சொல்லி என் வறண்ட உதட்டைப் பார்த்தார். விரலில் குத்தினார். மெஷினில் எண் வரவில்லை, 'ஹை' என்று மட்டும்.

மெதுவாக: "எத்தினி நாளா கம்மியா போட்டுக்கினு இருக்க?"

அழுதேன். "வீட்ல சொல்லாதீங்கக்கா. அப்பா கெளம்பிடுவாரு."

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு. நான் இங்கியே நிக்கறேன்."

அம்மாவையும் அப்பாவையும் வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். அம்மா அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா தகரத்தைப் பார்த்தார்.

"அண்ணே, ஒக்காருங்க. வெளிய போறதுக்கு பாஸ் வச்சிருக்கறது நான் ஒருத்திதான்."

சிறுநீர் டெஸ்ட். டாக்டருக்குப் போன். பாட்டிலில் இருந்ததை எடுத்து டாக்டர் சொன்ன அளவு ஊசி. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், மறுபடி வாந்தி வந்தால் ஆஸ்பத்திரி. ஸ்கூட்டி போய்விட்டது.

மதியம் ஒரு மணிக்குத் திரும்பி வந்தார். டிபன் பாக்ஸில் ஈரத்துணி சுற்றி இரண்டு பாட்டில். கூடவே ஸ்ட்ரிப். அப்படியானால் அதிலிருந்த அவர் சாப்பாடு? சாயங்காலம்தான் யோசித்தேன்.

திட்டவே இல்லை. போகும்போது மட்டும்: "பயந்தா எனக்குப் போன் பண்ணு. ஊசியைக் கொறைக்காத."

வாந்தி வரவில்லை.

மே 14, வியாழன்

காலை 231. நிஜமான 231.

இரண்டு இட்லி. மூன்றாவதும் கேட்டேன்.

அப்பா நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. ஊசியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், இன்று ஹேமா அக்காவிடம் போய், "எனக்குக் கத்துக்குடுமா" என்றார்.

"அண்ணே, சிரிஞ்சைத் தறிக்கட்டை மாதிரி புடிக்காதீங்க. பேனா புடிக்கற மாதிரி."

தெருவே சிரித்தது. அப்பாவும்.

ராத்திரி ஊசி அப்பா போட்டார். எத்தனை யூனிட் என்று மூன்று தடவை கேட்டார். பேனா பிடிக்கிற மாதிரியே பிடித்தார்.

"வலிச்சுதாமா?"

வலித்தது. "ஆமாம்பா" என்றேன்.