குகைக்கு வழி சொன்னவர்

ஆகஸ்ட் 4

டைரக்டர் ஐயாவுக்கு,

போன் எடுக்க நேரமில்லாத பெரிய மனுஷனாகிவிட்டாய், அதனால் எழுதுகிறேன். உன் புதையல் படத்தை நேற்று பார்த்துத் தொலைத்தோம். ஆற்றங்கரையில் திருதிருவென்று முழிக்கிற நாலு பேரும் அடுத்த நிமிடம் குகைக்குள் நிற்கிறார்கள். "வழி யாருடா சொன்னது?" என்று பின்வரிசையில் ஒருத்தன் கத்தினான். தியேட்டரே சிரித்தது.

வழி சொன்னவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உன் படகோட்டி வேஷத்துக்காக இரண்டு மாதம் தாடி வளர்த்த நம் அப்பா! மாடி வீட்டுக்காரர்களையும் கூட்டி வந்திருந்தார். இடைவேளையில், "என் சீன் இனிமேதான் வரும்போல" என்றார். கடைசிவரை வரவில்லை. விளக்குப் போட்டதும் யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து நடந்தார். பெற்ற அப்பாவை இப்படி அவமானப்படுத்த உனக்கு எப்படியடா மனசு வந்தது?

உன் அக்கா (சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது)

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொல்ல எனக்கு வாய் வராது. படம் மண்ணைக் கவ்வியது தெரியும்.

அப்பாவுக்கு நாலே வரி வசனம். முப்பத்தொரு முறை எடுத்தேன், இரண்டாவது வரியில் நின்றுவிடுவார். மறுநாளும் எடுத்தேன். அன்றைக்கு என்னைப் பார்த்து, "தம்பி, என் பையன் இங்கதான் படம் எடுக்கறான், கொஞ்சம் கூப்பிடுங்களேன்" என்றார். என்னிடமே கேட்டார், அக்கா. யூனிட்டே பார்த்துக்கொண்டு நின்றது.

வேறு ஆளைப் போடச் சொன்னார் தயாரிப்பாளர். அப்பா இடத்தில் இன்னொருத்தரா? காட்சியையே தூக்கிவிட்டேன். படம் போனால் போகட்டும். சொன்னால் நீ தாங்கமாட்டாய் என்றுதான் மறைத்தேன்.

உன் தம்பி

ஆகஸ்ட் 13

தம்பி,

படப்பிடிப்பு டிசம்பரில் நடந்தது. எட்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாய்.

அந்த எட்டு மாதமும் அவரோடு இருந்தவள் நான். குழாயைத் திறந்து போட்டார், சாப்பிட்டு முடித்து மறுபடியும் தட்டோடு வந்து உட்கார்ந்தார். வேண்டுமென்றே படுத்துகிறார் என்று நினைத்து வாய்க்கு வந்தபடி கத்தியிருக்கிறேன். ஒருநாள் முழுக்கப் பேசாமலே இருந்தேன். ஏனென்று தெரியாமல் என் பின்னாலேயே சுற்றி வந்தார், பாவி மனுஷர். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இப்படிச் செய்திருப்பேனா?

நேற்று அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கும்மா?" என்றார். நான் திட்டியது எதுவும் அவருக்கு நினைவில்லை. எனக்கு ஒன்றுகூட மறக்காது. உன்னை மன்னிக்கவும் என்னால் முடியாது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர். வந்து சேர்.

அக்கா